மூன்று முதல் நான்கு வரை

பதினைந்தாவது வீட்டிலும் யாரும் தூங்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அத்தை மூன்று மாடி ஏறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கதவை ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பரீட்சை முடிவு பார்த்துவிட்டு வந்தவளைப்போல அதைச் சொன்னாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்திருந்தது. மருமகள் குனிந்து வாரைத் தளர்த்திவிட்டாள்.

"டீச்சரம்மா ஏழு நாளும் முழங்கால்லயே நின்னாங்களாம். பாய்கூட விரிக்கலியாம். முட்டியைக் காட்டுறாங்க, ரெண்டும் காய்ச்சுப்போய்க் கிடக்கு."

"தண்ணி குடிங்க அத்தை."

"வாய் பொய் சொல்லும். முட்டி சொல்லுமா?" தம்ளரை வாங்கி, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "பதினஞ்சு ஆச்சு. பதினாறு நீ. உன்னைக் கேக்க வேண்டியதில்ல. நாளைக்குப் பதினேழு, ரொட்டிக்காரர்."

மருமகள் செருப்பை எடுத்துப் பலகையில் வைத்தாள். பக்கத்தில் அவள் கணவனுடைய ஷூ ஐந்து வாரமாக இருந்தது. அதை யாரும் எடுக்கவும் இல்லை, அதைப் பார்த்து யாரும் அழவும் இல்லை. இருந்த இடத்தில் இருந்தது. அவளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களின் லிஃப்டெல்லாம் அவன் கை பட்டு ஓடின. அவன் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. "ஊர்ல எல்லாரையும் மேலே ஏத்துறேன், எங்கம்மாவுக்குப் படிதான்" என்று காய்கறிப் பையோடு ஏறும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஈரலில் கட்டி என்று தெரிந்தபோது அது மற்ற இடங்களுக்கும் போய்விட்டிருந்தது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில், "வீட்டுல கொண்டுபோய் வெச்சுக்குங்க" என்றார்கள். ஏதோ ரிப்பேர் ஆகாத சாமானைத் திருப்பித் தருவதுபோல இருந்தது. அந்தச் சொல்லோடுதான் அவள் அன்று அவனைத் தாங்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினாள். அத்தை அதற்குள் வேறொரு சொல்லைக் கண்டுபிடித்திருந்தாள். சங்கிலி ஜெபம்.

இருபத்துநாலு மணி நேரம், இருபத்துநாலு பேர். ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் வீட்டில், அவனுக்காக மட்டும். நேரம் முடிந்ததும் அடுத்தவருக்கு ஃபோன் செய்து "என் கண்ணி முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும். அவர் "என் கண்ணி தொடங்குது" என்பார். இப்படி ஏழு நாள், ஒரு நிமிஷம்கூட அறுபடாமல். அறுபடாமல் முடிந்தால் பிள்ளை எழுந்து நடப்பான் என்று அத்தைக்கு உறுதி கிடைத்திருந்தது. அதை யார் கொடுத்தார்கள் என்று பாஸ்டர்கூடக் கேட்கவில்லை. பட்டியலில் முதல் பெயர் அத்தை, நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து ஒன்று. பதினாறாவது மருமகள், மத்தியானம் மூன்று முதல் நான்கு வரை. கண்ணி என்றால் சங்கிலியின் வளையம் என்று எல்லாருக்கும் தெரியும். வேடன் பறவைக்கு வைப்பதற்கும் அதே பெயர்தான் என்பது அவளுக்குப் பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

அவன் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டான். "இருபத்துநாலு பேரு கயிறு இழுக்குறாங்களா? லோடு அவ்வளவு இல்லயேம்மா, நாப்பத்தெட்டு கிலோதான்." அத்தை சிரிக்கவில்லை. அவள் தன் ஒரு மணி நேரம் போதாதென்று பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை சபைக்கே போய் முன்வரிசையில் மண்டியிட்டாள்.

ஏழாம் நாள் சாயங்காலம் ஆறேகாலுக்கு அவன் இறந்துபோனான். எல்லாருக்கும் சொல்லி முடிப்பதற்குள் இரவாகிவிட்டது. பட்டியலின் கடைசியில் இருந்தவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் முந்தினவரின் ஃபோனுக்குக் காத்திராமல் மணி பார்த்துத் தானே தொடங்கி, தன் கண்ணியை ஒழுங்காக முடித்துவிட்டு, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அத்தைக்கு ஃபோன் செய்தார். "சிஸ்டர், சங்கிலி அறுபடாம முடிஞ்சது. தோத்திரம்!" அத்தை, கூடத்தில் ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "தோத்திரம்" என்றாள்.

அத்தைக்கு அதுதான் தொண்டையில் நின்றது. சங்கிலி அறுபடவில்லை என்றால் ஆண்டவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. ஆண்டவர் அப்படிச் செய்கிறவர் அல்ல. ஆகவே யாரோ அறுத்திருக்கிறார்கள். யாரோ தூங்கியிருக்கிறார்கள், டிவி பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு "கண்ணி முடிஞ்சது" என்று வாய்கூசாமல் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் ஆண்டவர் தப்பித்துவிடுவார். இப்படி அத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவள் ஜெபிப்பதை நிறுத்தியிருந்தாள். முன்பெல்லாம் சாப்பாட்டுக்கு முன் அத்தை கண்ணை மூடினால் மிஷனரிகள், நோயாளிகள், கடலில் போகிறவர்கள், ஆட்சி செய்கிறவர்கள் என்று ஒரு சுற்று வந்துதான் தட்டுக்குத் திரும்புவாள். கல்யாணமாகி நான்கு வருஷம் மருமகள் இந்த வீட்டில் ஆறின சோறுதான் தின்றாள். இப்போது ஐந்து வாரமாகச் சோறு ஆவி பறக்க வாய்க்குப் போனது. நாக்கு சுட்டது. சுட்டது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

பதினாறு நீ, உன்னைக் கேக்க வேண்டியதில்ல.

ஆறாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் மண்டியிட்டாள். அவன் கண்ணைத் திறந்து, "தலை நாறுதுடி" என்றான். "எனக்கே குமட்டுது. கொஞ்சம் கழுவி விடுறியா?"

"மூணு மணி. என் நேரம்."

"ஓ, கண்ணியா." சற்று யோசித்தான். "சரி, முடிச்சிட்டு வா. நான் எங்க ஓடிடப்போறேன்."

அவள் கண்ணை மூடி "கர்த்தாவே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வியர்வையும் மருந்தும் சேர்ந்த அந்த நாற்றம்தான் வந்தது. எழுந்தாள். கட்டிலில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, அவனைக் குறுக்காக இழுத்து, தலை விளிம்புக்கு வெளியே வரும்படி கிடத்தினாள். கீழே ஒரு வாளி, பக்கத்தில் ஒரு வாளி. இரண்டு தரம் ஷாம்பு போட்டாள். முதல் தரம் நுரையே வரவில்லை. இரண்டாவது தரம் வந்தது. நடுவில் அவன் தூங்கிவிட்டான். வாயைத் திறந்துகொண்டு, ஆறு நாளில் முதல் தடவையாக முனகாமல் தூங்கினான். துவட்டி, சீவி, உடம்பை நேராக்கிப் படுக்கவைத்தபோது நான்கு ஆக இரண்டு நிமிஷம். ரொட்டிக்காரருக்கு ஃபோன் செய்து, ஈரக் கையோடு, "என் கண்ணி முடிஞ்சதுண்ணே" என்றாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் ஒரு சொல்கூட ஜெபிக்கவில்லை. ஆண்டவரை நினைக்கவில்லை. அவன் பிழைப்பான் என்று அவள் எந்த நாளிலும் நம்பியிருக்கவும் இல்லை. தலை நாறுகிறது என்பதைத்தான் நம்பினாள். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தாள்.

இரண்டாவது வாரமே அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. வட்டமாக வரும் லென்ஸில் நடுவைக் கண்டுபிடித்து மையால் மூன்று புள்ளி வைக்க வேண்டும். மெஷினில் பிடித்து ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்க்க வேண்டும். ஓரம் கீறாதபடி மழுக்கி, ஃபிரேமைச் சூடுகாட்டி உள்ளே அழுத்த வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், வெள்ளைத் தூள் சேறுபோல வழியும். போன வாரம் ஒரு லென்ஸின் ஓரம் விரலைக் கிழித்தது. துடைக்கும் துணி சிவந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பதினேழாவது ஆளிடம் அத்தை போய்வந்த மறுநாள், அந்த ரொட்டிக்காரரே கண்ணாடிக் கடைக்கு வந்தார். அவர் கண்ணாடியில் மூக்குமேல் உட்காரும் பட்டை உடைந்திருந்தது. முன்னால் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பது பின்னறையிலிருந்து தெரிந்தது.

"அண்ணே, இதைப் போட்டுக்கிட்டுத்தான் மாவு பிசையுறீங்களா, இல்ல இதாலயே பிசையுறீங்களா?"

"கண்ணு தெரியாததாலதான்யா என் பன்னு அந்த சைஸ்ல இருக்கு. நல்லா தெரிஞ்சா சின்னதாக்கிடுவேன்."

"அப்ப ரிப்பேர் பண்ண வேணாம், அப்படியே போங்க."

இருவரும் சிரித்தார்கள். பட்டை மாற்றுவது அவள் வேலை. ரொட்டிக்காரர் கண்ணாடியோடு பின்னறைக் கதவருகே வந்து நின்றார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம், உறை கழற்றின தலையணைபோல இருந்தது.

"நேத்து உங்க மாமியார் வந்திருந்தாங்கம்மா."

"சொன்னாங்கண்ணே." அத்தை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நேற்று வந்ததும் நேராகப் படுக்கப் போய்விட்டாள்.

"நான் ஒத்துக்கிட்டேன்."

அவள் சின்ன ஸ்க்ரூவை இடுக்கியில் பிடித்திருந்தாள். "எதை?"

"தூங்கிட்டேன்னு. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, ஒரு நாள் தூங்கிட்டேன்னு சொன்னேன்." குரலைத் தாழ்த்தினார். "தூங்கலம்மா. சத்தியமா தூங்கல. ஆனா அந்தம்மா கால் இருக்கே, பழைய மாவு மாதிரி உப்பிப்போயிருந்துச்சு. இன்னும் ஏழு வீடு ஏறி இறங்கணும்னாங்க. யாராவது ஒருத்தர் ஆமான்னு சொல்லிட்டா உக்காந்துடுவாங்கன்னு தோணுச்சு. விடியக்காலை எந்திரிக்கிற பேக்கரிக்காரன் சாயங்காலம் நாலு மணிக்குத் தூங்கினான்னா எவன் நம்பமாட்டான்? எனக்குத்தான் அது பொருத்தமா இருந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வந்த மாதிரியே போய்ட்டாங்க. போகும்போது, 'ஆறாம் நாளா, ஏழாம் நாளா'ன்னு கேட்டாங்க. எது நல்லதுன்னு தெரியாம ஆறுன்னுட்டேன்."

ஸ்க்ரூ இடுக்கியிலிருந்து நழுவி விழுந்தது. இருவரும் குனிந்து தேடினார்கள். கண்ணாடி இல்லாத ரொட்டிக்காரர் தரையைக் கையால் தடவித் தடவித் தேடினார். கடைசியில் அவள்தான் எடுத்தாள். பட்டையை மாட்டி, லென்ஸ் இரண்டையும் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "ஏம்மா, இளைச்சுட்டியே" என்றார்.

அன்று சாப்பாட்டுக்கு முன் அத்தை ஜெபித்தாள்.

மருமகள் தட்டில் கைவைக்கப் போனவள் நிறுத்தினாள். எல்லாரும் பழையபடி வந்தார்கள். மிஷனரிகள் வந்தார்கள், நோயாளிகள் வந்தார்கள், கடலில் போகிறவர்கள், ஆட்சி செய்கிறவர்கள். நீர் உண்மையுள்ளவர், உம்மைச் சந்தேகித்த அடியாளை மன்னியும் என்றாள். குரல் தெளிவாக இருந்தது. அந்தக் குரலை இந்த வீடு ஐந்து வாரமாகக் கேட்டிருக்கவில்லை. சோறு ஆறியது. ஆறட்டும் என்றிருந்தது மருமகளுக்கு. ரொட்டிக்காரர் செய்தது நல்லதுதான், இப்படியே விட்டுவிடலாம் என்றும் இருந்தது. ஆமென் சொல்லிவிட்டு அத்தை சோற்றைப் பிசைந்தாள்.

"கிடைச்சுட்டான்."

மருமகள் நிமிரவில்லை.

"ரொட்டிக்காரன். தூங்கினானாம். என் புள்ள இங்க உசுருக்குப் போராடிக்கிட்டிருக்கான், அவன் அங்க குறட்டை விட்டிருக்கான். பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னாடி எந்திரிச்சு நின்னு சொல்லணும். சொல்லட்டும். என் புள்ளையக் கொன்னது நான்தான்னு சொல்லட்டும்."

"அத்தை..."

"அவன் கையால செஞ்ச ரொட்டி இனி எந்தப் பந்தியிலயும் இருக்கக்கூடாது. நான் பாத்துக்கறேன்." அத்தையின் கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. ஐந்து வாரத்துக்குப் பிறகு அவள் உயிரோடிருப்பவளைப்போல இருந்தாள். இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அத்தை தூங்கும்போது மருமகள் மேஜையில் கிடந்த வேதப்புத்தகத்தை எடுத்தாள். அத்தையுடையது. விசுவாசம் என்று வரும் இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருப்பாள், ஸ்கேல் வைத்ததுபோல நேரான கோடு. மருமகள் தேடியது பவுல் தன் கடிதத்தில் அன்பைப்பற்றி எழுதிய அதிகாரம். ஞாயிறு பள்ளியில் அவள் அதை ஒப்பித்து இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறாள். மூன்றில் எது பெரியது என்கிற கடைசி வரியை அவள் மறந்துவிட்டதால்தான் முதல் பரிசு போனது. அவர்கள் கல்யாணத்திலும் அதைத்தான் வாசித்தார்கள். இரண்டு தடவையும் அது பாடமாகவே காதில் விழுந்தது, யாரோ யாருக்கோ எழுதிய கடிதமாக விழவில்லை.

அந்தப் பக்கம் ஏறக்குறைய வெள்ளையாக இருந்தது. கடைசி வசனத்தில் விசுவாசம் என்ற ஒரு சொல்லின்கீழ் சின்னதாக ஒன்று, இரண்டாம் வசனத்தில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. மலையையே பெயர்க்கிற அளவு விசுவாசம் இருந்தாலும் என்பதுவரை வந்து கோடு நின்றிருந்தது. அன்பு இல்லையென்றால் நான் ஒன்றுமில்லை என்று அந்த வசனம் முடிகிறது. அந்தப் பாதியின்கீழ் பென்சில் போகவேயில்லை. அத்தை வேண்டுமென்று விட்டிருக்கமாட்டாள். தேடிய சொல் கிடைத்ததும் பென்சிலை எடுத்திருப்பாள். தானும் அப்படித்தான் என்று மருமகள் நினைத்தாள். தனக்குக் கோடு போடும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்றும் இல்லாதவள் என்று அந்த வரி யாரைச் சொல்கிறது? விசுவாசமே இல்லாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றியவளை அது எந்தப் பக்கத்தில் வைக்கும்? அந்த அதிகாரத்தில் அதற்கு வரி இல்லை. புத்தகத்தை மூடினாள். ஏதாவது உடையும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை. நாளைக்கு ரொட்டிக்காரர் எழுந்து நிற்பார் என்பது மட்டும் தெரிந்தது. துடைத்துக் கொடுத்த கண்ணாடியோடு நிற்பார். செய்யாததைச் செய்தேன் என்பார். சபையில் யாரும் அவரைப் பார்க்கமாட்டார்கள், அல்லது எல்லாரும் பார்ப்பார்கள். பிறகு அத்தை தினமும் நீளமாக ஜெபிப்பாள்.

அத்தை எழுந்து முகம் கழுவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மருமகள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, ரொட்டிக்காரர் தூங்கல."

"அவனே ஒத்துக்கிட்டான்."

"உங்க காலைப் பாத்துட்டு ஒத்துக்கிட்டாரு. கண்ணி அவர்கிட்ட அறுந்து போகல. என்கிட்டதான். பதினாறுல."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"தூங்கிட்டியா?"

"இல்ல."

"பின்ன?"

"தலைக்கு ஊத்திவிட்டேன். நாறுதுன்னு கேட்டாரு."

"ஜெபிச்சிட்டு ஊத்தினியா?"

"இல்ல அத்தை."

"ஊத்தும்போது ஜெபிச்சியா? மனசுக்குள்ள?"

அத்தை அதை ஏறக்குறையக் கெஞ்சுவதுபோலக் கேட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ரொட்டிக்காரரும் தப்பிப்பார், இவளும் தப்பிப்பாள், சங்கிலியும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பதினெட்டாவது வீட்டுக்கு அத்தை மறுபடி செருப்பு மாட்டுவாள்.

"ஒரு வார்த்தைகூட இல்ல அத்தை. மூணுலேர்ந்து நாலு வரைக்கும். பொழைப்பார்னும் நான் நம்பல. நாலு மணிக்குப் பொய்தான் சொன்னேன்."

வெளியே படியில் யாரோ ஏதோ கனமானதை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம். அது மேல்மாடிக்குப் போய் அடங்கியது. அறைவாள் என்று மருமகள் நினைத்தாள். அறைந்தால் வலிக்குமா என்று தெரிந்துகொள்ளலாம் என்றும் நினைத்தாள்.

"நான் சபையில இருந்தேன்" என்றாள் அத்தை.

"ஆமா அத்தை."

"ஏழு நாளும் அந்நேரத்துக்கு நான் சபையிலதான் இருந்தேன்." கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வெந்நியா?"

மருமகளுக்கு முதலில் புரியவில்லை. "ம். வெதுவெதுன்னுதான்."

"பேசினானா?"

"நடுவுல தூங்கிட்டாரு."

"சின்னப் புள்ளையிலயும் அப்படித்தான். தலைக்கு ஊத்த ஊத்தத் தூங்கிடுவான்." அத்தை கைகளிலிருந்து கண்ணை எடுத்தாள். "காதுல தண்ணி போச்சா? காதுல போனா அவனுக்கு ஆகாது. ராத்திரி பூரா அழுவான்."

"போகல அத்தை. கையால பொத்திக்கிட்டேன்."

"ஒரு கையில எப்படி ரெண்டு காதையும் பொத்துவே?"

"ஒரு பக்கம் கையால. இந்தப் பக்கம் என் வயித்தோட சேத்து வெச்சுக்கிட்டேன்."

அத்தை அதை யோசித்தாள். பிறகு மடியில் கிடந்த இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி, தன் காதுகள் இரண்டையும் பொத்திக்கொண்டாள். இனி ஒன்றும் கேட்க வேண்டாம் என்றா, வேறு எதற்காகவா, மருமகளுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடவில்லை. உதடு அசையவில்லை. மேலே ஊற்றப்போகும் தண்ணீருக்குக் காத்திருப்பவளைப்போல, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.